கீழ்த்தளத்துச் சிவப்புக் கார்

(வெள்ளவத்தை, மாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு)

சுதா, 3ஆம் மாடி: என் வண்டிக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. நானும் கவினும் தள்ளிப் பார்த்தோம், அசையவே இல்லை.

ரவி அண்ணா: ஹாண்ட் பிரேக் போட்டிருக்கிறதா?

சுதா, 3ஆம் மாடி: இல்லை, நியூட்ரலில்தான். நான் பின்னால், மகன் பக்கத்துக் கதவில்.

மாஸ்டர் அங்கிள்: கதவைத் தள்ளினால் சில்லு உருளும் பக்கத்துக்கு ஒன்றும் சேராதே! இரண்டு பேரும் பின்னால் நில்லுங்கள் பிள்ளை.

கவின்: அங்கிள், அம்மா தள்ளினது விசைதானே? அப்போ ஆர்முடுகல், அதுதான் வேகம் கூடுவது, எங்கே போனது?

மாஸ்டர் அங்கிள்: தரையும் எதிர்த்துப் பிடிக்கிறது தம்பி. அம்மா 50 நியூற்றன் கொடுத்தால் அதுவும் 50, 100 கொடுத்தால் அதுவும் 100. அதற்கொரு எல்லை உண்டு. அதைத் தாண்டி மிஞ்சுவதுதான் வண்டியை அசைக்கும். அந்த மிச்சம்தான் உம்முடைய பாடத்தில் வரும் விளையுள் விசை.

கவின்: கணக்காகச் சொல்லுங்கோ.

மாஸ்டர் அங்கிள்: காரின் திணிவு 1000 கிலோ, தடை 150 நியூற்றன் என்று வைப்போம். இருவருமாக 250 கொடுத்தால் மிச்சம் 100. 1000ஆல் பிரித்தால் ஆர்முடுகல் 0.1, அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 0.1 மீற்றர் கூடும். 5 செக்கனில் வேகம் செக்கனுக்கு அரை மீற்றர். ஆமை நடைதான், ஆனால் போதும்.

ரவி அண்ணா: அதே வேகத்தில் போக 250ஐயும் விடாமல் கொடுக்க வேண்டுமா? முதுகு தாங்காது மாஸ்டர்.

மாஸ்டர் அங்கிள்: வேண்டாம். 150க்கு இறக்குங்கள். மிச்சம் பூச்சியம், வேகம் அப்படியே இருக்கும்.

கவின்: பூச்சியம் என்றால் நின்றுவிடாதா?

மாஸ்டர் அங்கிள்: எல்லாரும் வழுக்குமிடம் இதுதான். பூச்சியம் என்றால் வேகம் மாறாது, அவ்வளவுதான். நிற்பது நிற்கும், ஓடுவது ஓடும். கையை எடுத்தால்தான் தடையின் 150 தனியாக எதிர்த்திழுக்கும். அப்பவும் உடனே நிற்காது, மூன்று செக்கனுக்கு மேல் உருண்டு முக்கால் மீற்றருக்கு மேல் போகும். சுவருக்கு ஒரு மீற்றர் இருக்கும்போதே கையை எடுங்கள்.

சுதா, 3ஆம் மாடி: நகர்ந்துவிட்டது! நன்றி மாஸ்டர்.

கவின்: வாசல் சரிவில் என்றால்?

மாஸ்டர் அங்கிள்: 5 பாகைச் சரிவென்றாலே காரின் நிறை ஏறக்குறைய 850 நியூற்றனால் கீழே இழுக்கும். தடையைக் கழித்தாலும் 700. இரண்டு பேர் பிடித்து நிறுத்தும் விஷயமில்லை. அங்கே யாரும் நியூட்ரலில் விட வேண்டாம்.

ரவி அண்ணா: அப்போ சரிவில் நிற்கிற நீல வான்?

சுதா, 3ஆம் மாடி: 5ஆம் மாடிக்காரருடையது. கவின் மேலே போய்க் கதவைத் தட்டுகிறான்.