கஞ்சா வைத்திருப்பவருக்குச் சிறை வேண்டுமா? பழக்கம் உள்ளவர்கள், விட்டவர்கள் சொல்லுங்கள்

ஓசூர் ஷிப்ட்:
ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் பெரியவர்கள் வெளியில் 25 கிராம் கஞ்சா வரை வைத்திருக்கலாம். நம் ஊரில் ஒரு பொட்டலத்துக்கே கேஸ். என் அறையில் இருந்த தம்பி ஒப்பந்த வேலைக்காரன். சட்டைப்பையில் இருந்த ஒரே பொட்டலத்தோடு மாட்டினான். அபராதம் கட்டி வந்துவிட்டான். ஆனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் போலீஸ் சரிபார்ப்பில் அந்தக் கேஸ் வந்து நிற்கிறது. இப்போது மாங்கூழ் தொழிற்சாலையில் சீசனுக்கு மட்டும் மூட்டை தூக்குகிறான். விற்றவன் யார் என்று அவனை யாருமே கேட்கவில்லை. நானும் எப்போதாவது பிடிப்பவன்தான். பிடிப்பவனைக் குற்றவாளி ஆக்குவதை நிறுத்த வேண்டும் என்கிறேன்.

அரூர்க்காரன்:
வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவன் நான். விட்டு வெளியே வந்தவன். அதனால்தான் கூடாது என்கிறேன். 1937இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது பழைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள்தான் இருந்தன. 2003இலிருந்து அதே மண்ணில் அரசே சில்லறைக்கு மது விற்கிறது. கடை திறக்குமுன்பே கை நடுங்க நிற்பவர்களைப் பாருங்கள். சட்டப்படி கிடைத்ததால் யார் குறைத்துக் குடித்தார்கள்?

ஓசூர் ஷிப்ட்:
அண்ணா, கடை திறக்கச் சொன்னேனா? போர்ச்சுகலில் 2001இலிருந்து பத்து நாள் தேவைக்கு உட்பட்டு வைத்திருந்தால் குற்றவழக்கு இல்லை. ஒரு குழு முன் போய் உட்கார வேண்டும். அடிமையானவர் என்றால் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான். நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள்.

பென்னாகரம் அம்மா:
எனக்குச் சட்டம் தெரியாது. என் மகனும் அந்த ஊசிதான் போட்டான். ஒரு ராத்திரி உதடு நீலமாகி, மூச்சு இழுத்து இழுத்து வந்திருக்கிறது. கூட இருந்த பையன்கள் 108க்குப் போன் செய்யவில்லை. போலீஸ் வரும் என்று பயந்து எங்கள் வாசலில் படுக்க வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். கதவைக்கூடத் தட்டவில்லை. நாய் விடாமல் குரைத்ததால்தான் எழுந்தேன். பிழைத்துக்கொண்டான். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பயத்தின் மேல்தான் கோபம்.

தொப்பூர் லாரி:
தடை போட்டால் சரக்கு மாறும், பழக்கம் மாறாது. ட்ரமடால் என்ற வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பழகியவர்கள் வேறு வலி மாத்திரைக்குத் தாவிவிட்டார்கள். ரோட்டில் நான் தினம் பார்க்கிறேன்.

அரூர்க்காரன்:
அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்து மனசு கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நம் போதைப்பொருள் சட்டத்திலேயே வழி உண்டு. பிரிவு 64ஏ. உபயோகித்த குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்த, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு. என் நண்பன் அப்படித்தான் தப்பினான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, சிறிய அளவு வைத்திருப்பதற்கான குற்றவழக்கை நீக்கியது. சிகிச்சை இடங்கள் தயாராகுமுன் சட்டம் வந்துவிட்டது. 2024இல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். பயம் இல்லாமல் இருந்திருந்தால் நானே ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்க மாட்டேன்.

ஓசூர் ஷிப்ட்:
64ஏ என்று ஒன்று இருப்பதை என் தம்பியிடம் ஸ்டேஷனிலும் சொல்லவில்லை, கோர்ட்டிலும் சொல்லவில்லை. அதுவும் வழக்கு வந்த பிறகு திறக்கிற கதவு. உங்களைப் பயம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, சரி. அம்மாவின் பையனை அதே பயம்தானே வாசலில் போட்டுவிட்டுப் போனது? ஓரிகனில் சிகிச்சை தாமதமானது என்றால் சிகிச்சையை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பொட்டலம் வைத்திருந்தவனை ஏன் உள்ளே தள்ள வேண்டும்?

அரூர்க்காரன்:
கொண்டுவரட்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று படுக்கையும் டாக்டரும் வரட்டும், அப்புறம் சட்டத்தைப் பேசலாம். அதுவரை உங்கள் பக்கம் வரமாட்டேன். அம்மா, பையன் இன்னும் விடவில்லை என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். நான் பார்த்த டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். போலீசுக்குப் போகாது.

பென்னாகரம் அம்மா:
அனுப்பியிருக்கிறேன் தம்பி. பாருங்கள்.