சந்தேகம்: குண்டெல்லாம் கீழே இடது பக்கம் விழுகிறது, நான் நிற்கும் விதம் தப்பா?

ஹூஸ்டன் மல்லி:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி பழக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. 9 எம்.எம்., வலது கைப் பழக்கம். 3 கெஜத்தில் சமாளித்துவிடுகிறேன். 7 கெஜம் போனதும் குண்டெல்லாம் கீழே, இடது பக்கமாகவே விழுகிறது. நாலைந்து குண்டுக்குள் உடம்பு பின்னால் சாய்ந்து, பாரம் முழுக்கக் குதிகாலுக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் இரண்டு கையையும் நேராக நீட்டச் சொன்னார்கள். பக்கத்து லேனில் சுடும் பெரியவரோ ஒருக்களித்து நின்று இடது முழங்கையை மடக்கச் சொல்கிறார். லைசென்ஸ் தேர்வில் 15 கெஜத்தில் வேறு 10 குண்டு சுடணும். யார் சொல்வதைக் கேட்பது?

பழைய ரேஞ்ச்காரன்:
தங்கச்சி, இருவர் சொல்வதும் சரிதான். பெரியவர் சொன்னது வீவர் முறை. 1950-களில் கலிபோர்னியாவில் ஜாக் வீவர் என்ற ஷெரிப் துணை அதிகாரி போட்டிகளில் சுட்டுக்காட்டியது. வலது கை தள்ளும், இடது கை இழுக்கும். அந்த இறுக்கத்தில் துப்பாக்கி அடங்கும். வகுப்பில் சொன்னது ஐசாசிலஸ்: இலக்குக்கு நேராக நின்று இரு கையையும் சமமாக நீட்டுவது. புதிதாகப் பழகுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டையும் போட்டுக் கலக்காதீர்கள்.

ஆனால் குண்டு கீழே இடது பக்கம் போவது பெரும்பாலும் கால் செய்யும் வேலை இல்லை. வெடிக்கப்போகிறது என்று கை முந்திக்கொண்டு அமுக்குகிறது. உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) இரண்டு டம்மி, அதாவது வெடிக்காத தோட்டாவைக் கலந்து தரச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் நுனியைப் பாருங்கள்.

டாலஸ் அக்கா:
சாய்வதற்கு நான் சொல்றேன்மா, எனக்கும் அதே தொல்லை இருந்தது. கால்களைத் தோளகலம் வைத்து, வலது காலைக் கொஞ்சம் பின்னுக்கு வை. முழங்கால் லேசாக மடங்கட்டும். தோள் இடுப்பைவிட முன்னால் இருக்கணும். மூக்கு கால்விரலுக்கு நேராக வந்தால் சரி. முழங்கையை விறைப்பாகப் பூட்டாதே. தலையைக் குனிந்து துப்பாக்கியைத் தேடாதே, துப்பாக்கியைக் கண்ணுக்கு உயர்த்து. இடது உள்ளங்கை பிடியில் இடைவெளி இல்லாமல் ஒட்டணும்.

ஹூஸ்டன் மல்லி:
நேற்று போய்ப் பார்த்தேன். மூன்றாவதாக வந்த தோட்டா டம்மி. சத்தமே இல்லை, ஆனாலும் குழல் நுனி ஒரு விரல்கடை கீழே குத்திட்டது! அதைப் பார்த்தபிறகு டிரிக்கரை மெதுவாக அழுத்தினேன், குண்டுகள் நடுவுக்கு நகர்ந்தன. சாய்வதும் பாதி குறைந்துவிட்டது. அண்ணா, வீட்டிலும் பழகலாமா?

பழைய ரேஞ்ச்காரன்:
தாராளமாக. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இருமுறை பாருங்கள். பிறகு குண்டு துளைக்காத சுவரைக் குறிவைத்து, தினம் பத்து நிமிடம்.