மறு: மீன்தொட்டிச் சொற்கள் – 'சம்ப்'புக்கு வடிதொட்டி?

வணக்கம்.

மீன்தொட்டிச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசிவருகிறோம் அல்லவா, அதில் 'சம்ப்'புக்கு ஒரு தமிழ்ச்சொல்லை நான் தேடத் தொடங்கியதே எங்கள் பிளம்பரால்தான். "மீன் தொட்டிக்கு ஒரு சம்ப் வைக்கணுங்கண்ணா" என்றேன். வாசலை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "பத்தாயிரம் லிட்டரா, பன்னண்டாயிரமா? குழி வெட்ட ஆள் கூலி தனி" என்றார். அவர் மேல் தப்பில்லை. சேலத்தில் சம்ப் என்றால் வாசலுக்கடியில் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டி. ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் ஆயில் சம்ப். கடல்மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் மூன்றாவது: மீன்தொட்டிக்கு அடியில் இருந்து, அதன் தண்ணீரை வாங்கிச் சுத்தம் செய்து மேலே அனுப்பும் தொட்டி.

> கீழ்த்தொட்டி என்றால் போதுமே, எதற்கு இவ்வளவு யோசனை?

அது இடத்தைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. ஸ்டாண்டுக்கு அடியில் குஞ்சு மீன்களுக்குத் தனியாக ஒன்று வைத்திருப்பவரும் அதைக் கீழ்த்தொட்டி என்றுதான் சொல்வார்.

பெயர் தப்பாக இருந்தால் கை எப்படித் தப்பு செய்யும் என்பதற்கு என் கதையே சாட்சி. என் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதன் விளிம்பைத் தாண்டும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்கும், தடுப்புக் கண்ணாடிகளைத் தாண்டி அறை அறையாகப் போகும், கடைசி அறையிலிருந்து மோட்டார் மேலே ஏற்றும். வீட்டுச் சம்ப்பை நிரப்புகிற பழக்கத்தில், கீழேயுள்ள இந்தச் சம்ப்பையும் விளிம்புக்கு இரண்டு அங்குலம் விட்டு நிரப்பி வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒருநாள் கரண்ட் போனது. மேலேற்றும் குழாயின் வாய் மேல்தொட்டியில் மூன்று அங்குல ஆழத்தில் இருந்தது. மோட்டார் நின்றதும் அதே குழாய் தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிக் கீழே விட்டது. மேல்தொட்டியில் ஓர் அங்குலம் என்பது 14 லிட்டர். மூன்று அங்குலத்துக்கு 42. கீழே இடம் இருந்ததோ 12 லிட்டருக்கு. மிச்சம் முழுக்க ஹாலில்! மறுநாள் தரை காய்ந்தபோது சோபாவுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோலம். அப்புறம் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போட்டேன். இப்போது மட்டம் கொஞ்சம் இறங்கியதுமே அதில் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடுகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் முன்மொழிவு: வடிதொட்டி.

'வடி' என்ற ஒரே வேரில் இரண்டு வேலையும் இருக்கிறது. தண்ணீர் வடியும், நாம் சோறு வடிப்போம். மேலிருந்து வடிந்து வருவதும் அழுக்கை வடித்து அனுப்புவதும் இந்தத் தொட்டியின் முழு வேலை. கரண்ட் போனால் மேலிருப்பது இங்கேதான் வடியும், இடம் விட்டு வை என்ற எச்சரிக்கையும் பெயரிலேயே இருக்கிறது. இது வினைத்தொகை, ஆகவே ஊறுகாய், வடிகால் போல ஒற்று மிகாது. 'வடித்தொட்டி' என்று எழுத வேண்டாம்.

> வடி என்றாலே சாக்கடை ஞாபகம் வருகிறது.

ஏற்காட்டிலிருந்து எழுதும் நீங்கள் இப்படிச் சொல்லலாமா? காலையில் பில்டரில் வடியும் டிகாஷனை நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வழிந்திறங்கும் விளிம்புக்குப் புதுச்சொல் வேண்டாம், ஏரிக்கு இருக்கிற கலிங்கு போதும். மேல்தொட்டியின் மட்டத்தைக் கட்டிப்போடுவது அதுதான். தண்ணீர் ஆவியாகிக் குறைவதெல்லாம் மோட்டார் அறையில்தான் தெரியும். போவது நீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். எனவே ஈடு கட்ட ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஒப்படர்த்தி (நீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) கடல்நீருக்குரிய 1.025-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும்.

வடிதொட்டியில் வைக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவிக்கு ஒருவர் 'புரத நீக்கி' என்றார். எனக்கு ஒப்பவில்லை. அது செய்வது நுண்குமிழிகளை விட்டு, கரைந்த கழிவை நுரையாக்கி மேலே ஒதுக்குவது. ஓமலூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பொங்கும் அழுக்கு நுரையைக் கரண்டியால் வழித்தெடுப்பார்களே, அதே காரியம். நுரையெடுப்பான் என்றால் பார்த்தவுடன் புரியும், கோப்பையில் சேரும் அந்தப் பழுப்புக் குழம்பின் நாற்றம் உட்பட.

மிச்சம் இருப்பது, பாசி வளர்க்கும் நடு அறை. ரெஃப்யூஜியம் என்கிறார்கள். 'அடைக்கலம்' என்று போடலாம், மீனுக்கு இரையாகாமல் சிற்றுயிர்கள் அங்கே பெருகுவதால். ஆனால் என் வீட்டில் அதைப் பாசியறை என்றுதான் கூப்பிடுகிறோம். மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை இழுத்துக்கொள்வதும் பாசிதானே. இரண்டில் எது என்று சொல்லுங்கள்.