விளையாட்டு நூல் சேர்ப்பவர்களுக்கு: வீரர்களின் சுயசரிதை இனி வேண்டாம்

கிழக்கு கேலரி (சென்னை):

வீடு மாறுகிறோம். புது வீட்டில் என் புத்தகங்களுக்கு ஒரே ஒரு சுவர்தான். 22 வருடமாகச் சேர்த்த விளையாட்டு நூல்களைக் கூடத்தில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 163. அதில் 41 வீரர்களின் சுயசரிதை. அந்த 41ஐயும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். புதிதாகச் சேர்க்க ஆரம்பிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சுயசரிதையில் காசைப் போடாதீர்கள்.

மறுபடி எடுத்துப் புரட்டியதில் பெரும்பாலானவற்றில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவுமே இல்லை. சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த மட்டை, முதல் சதம், காயம், மீண்டு வந்தது, கடைசியில் எல்லாருக்கும் நன்றி. ஓய்வு அறிவித்த சூட்டோடு, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எழுதியவை.

ஆனால் இரண்டு புத்தகங்கள் பத்து வருடமாக என் அலமாரியில் அருகருகே நிற்கின்றன. ஒன்று, டிரினிடாட்காரர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய 'பியாண்ட் எ பவுண்டரி' (1963). இன்னொன்று, ராமச்சந்திர குஹாவின் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' (2002). முதலாவதில் ஃபிராங்க் வொரெலை மேற்கிந்தியத் தீவுகளின் கேப்டனாக்கச் சொல்லி ஜேம்ஸ் தன் பத்திரிகையில் நடத்திய போராட்டம் வருகிறது. கறுப்பர் ஒருவர் ஒரு முழுத் தொடருக்குக் கேப்டனாக 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவதில் பல்வங்கர் பாலு வருகிறார். தலித் குடும்பத்தில் பிறந்த இடக்கைச் சுழல் பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் மட்டும் 114 விக்கெட் எடுத்தவர். மதவாரியாக அணிகள் மோதிய பம்பாய்ப் போட்டியில் அவருக்கு இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது. வொரெலைப் படித்த கையோடு பாலுவையும் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இடம் கொடுத்தால் இந்த மாதிரிப் புத்தகங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பக்கம்97 (திருச்சி):

சார், கவாஸ்கரின் 'சன்னி டேஸ்' அந்த 41இல் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து அதை இறக்காதீர்கள்.

1976 ஏப்ரல், ஜமைக்காவின் கிங்ஸ்டன் சபைனா பார்க் மைதானம், மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட். ஸ்கோர்கார்டைப் பார்த்தால் இந்தியா இரண்டாவது இன்னிங்ஸில் 97, ஐந்து பேர் காயத்தால் ஆடவே வரவில்லை. கெய்க்வாட் காதில் அடி வாங்கியது, விஸ்வநாத்தின் விரல் உடைந்தது, பிரிஜேஷ் படேலின் வாயில் தையல் போட்டது, பந்துவீச்சாளர்களாவது தப்பட்டும் என்று கேப்டன் பேடி முதல் இன்னிங்ஸை 306க்கு 6 விக்கெட்டிலேயே முடித்துக்கொண்டது, இதையெல்லாம் வேறு புத்தகங்களிலும் படித்துவிடலாம். மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் ஹோல்டிங்கின் பந்து தலைக்கு எகிறி வரும்போது கூட்டம் போட்ட கூச்சல் தொடக்க ஆட்டக்காரரின் காதில் எப்படி விழுந்தது என்பதை அங்கே மட்டையோடு நின்றவர்தான் எழுத முடியும். கவாஸ்கரின் புத்தகம் அதே வருடம் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் எழுதிய சில சொற்கள் எனக்கு இன்றும் ஏற்பில்லை. ஆனால் கோபம் ஆறுவதற்கு முன் எழுதிய பக்கங்கள் அவை. பத்து வருடம் கழித்து எழுதியிருந்தால் அந்தச் சூடு இருந்திருக்காது.

(என் பெயரில் இருக்கும் 97 வேறு. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த அன்று, அணியின் மொத்தம் 190இல் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் அடித்த 97 அது.)

கிழக்கு கேலரி:

இருக்கிறது. நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. அப்போது அவர் இருபதுகளில் இருந்தார், ஆட வேண்டிய வருடங்கள் இன்னும் பாக்கி, இருந்தும் மனதில் பட்டதை எழுதினார். நான் குறை சொல்லும் புத்தகங்கள் அப்படி வந்தவை இல்லை.

இன்னொன்று. கவாஸ்கரை மட்டும் படித்தால் அந்தத் தீவு மக்கள் வெறும் வெறிக்கூட்டமாகத் தெரிவார்கள். 1962இல் பார்படாஸில் கிரிஃபித்தின் பந்து பட்டு மண்டை உடைந்து கிடந்த இந்தியக் கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு ரத்தம் கொடுத்தவர்களில் வொரெலும் ஒருவர். இது தெரிந்த பிறகு 1976ஐப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். அதனால் 'சன்னி டேஸ்' ஜேம்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். மீதி 40? யாரோ எழுதிக் கொடுக்க, வீரர் பெயரைப் போட்டு விற்ற புத்தகங்கள்.

மதுரைச் செல்வி:

யாரோ எழுதிக் கொடுத்தது என்பதே ஒரு குற்றமா அண்ணா? டென்னிஸ் வீரர் அகாசியின் 'ஓப்பன்' (2009) ஜே.ஆர். மோரிங்கர் எழுத்தில் வந்தது. அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார், புத்தகத்துக்குள் அகாசி அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். 1990 பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தில் தலையில் வைத்திருந்த டோப்பா கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டே ஆடியது, டென்னிஸையே வெறுத்தது, போதைப்பொருள் எடுத்துவிட்டுப் பொய் சொல்லித் தப்பித்தது, எல்லாம் அதில் இருக்கிறது. விடாமல் கேள்வி கேட்க ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்ததால்தான் இவ்வளவும் வெளியே வந்தது என்பது என் எண்ணம்.

எனக்கு வேறு ஒரு வருத்தமும் உண்டு. இங்கே இதுவரை பேசியவை எல்லாம் ஆண்களின் கதை, ஒன்றைத் தவிர எல்லாம் கிரிக்கெட். மேரி கோமின் 'அன்பிரேக்கபிள்' (2013) சுயசரிதைதான். மணிப்பூரின் ஒரு கிராமத்துப் பெண் குத்துச்சண்டைக்கு வந்த கதையை அவரே சொல்லாவிட்டால், குஹா மாதிரி ஒருவர் வந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டுமா?

சுயசரிதைகூட வாய்க்காதவர்களை என்ன செய்வது? புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்பப் பறித்துக்கொண்டார்கள். என் அலமாரியில் அவருக்காக இருப்பது ஒரு அட்டைக் கோப்பு. அந்த டிசம்பரிலிருந்து செய்தித்தாளில் வருவதை வெட்டி ஒட்டி வருகிறேன். நான் வைத்திருப்பவற்றில் ஒன்றை மட்டும் காப்பாற்றலாம் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

கோவை வாசகன்:

எனக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. எந்தப் புத்தகமானாலும் காகிதத்தில் எதற்கு? வீடு மாற்றும் கூலி, அலமாரிச் செலவு, மழைக்காலத்து ஈரம், ராமபாணப் பூச்சி. ஹாக்கி வீரர் தயான் சந்தின் சுயசரிதை 'கோல்' 1952இல் நம் சென்னையில்தான் வெளியானது, 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகைக்காரர்கள் போட்டது. பழைய புத்தகக் கடைகளில் நாலு வருடம் தேடியும் எனக்கு அகப்படவில்லை. கடைசியில் இணையத்தில் முழுவதையும் பைசா செலவில்லாமல் படித்தேன். கைப்பேசியில் ஆயிரம் புத்தகம் கொள்ளும். ஒரு சுவர் போதவில்லை என்ற கவலையும் இல்லை.

வடமராட்சியான்:

வணக்கம். கோவை நண்பரே, நீங்கள் இணையத்தில் படித்த அந்தப் பிரதி எங்கேயிருந்து வந்தது? யாரோ ஒருவர் அதை வீட்டில் பல வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும். காகிதம் இல்லாமல் போயிருந்தால் உங்கள் கைப்பேசிக்கு என்ன வந்திருக்கும்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 90,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. அதனால் பெரிய நூலகம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களுக்கு இல்லை. யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 தொடக்கம் மோதும் 'வடக்கின் போர்' துடுப்பாட்டம் (கிரிக்கெட்) பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய ஆட்டங்களின் நினைவு மலர்களை என் மாமா சேர்த்து வைத்திருந்தார். போரால் நடந்த 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது உடுப்புப் பைக்குள் அவற்றையும் வைத்துக்கொண்டு வந்தார். மழையில் நனைந்து ஒட்டிப்போய், இன்று மிஞ்சியிருப்பவை மூன்று. கடையில் விற்காத, பதிப்பகம் போடாத சாமான் அது. அந்த அணிகளில் ஆடியவர்கள் சிலரின் பெயர் வேறெங்கும் எனக்கு அகப்படவில்லை.

இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறேன். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் எங்கள் ஊர் மலர்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கின்றன. இந்த மூன்றும் அங்கே போகட்டும் என்பது என் விருப்பம். ஆனால் ஸ்கேன் முடிந்த பிறகும் தாளை எறியமாட்டேன்.

கிழக்கு கேலரி:

தம்பி, உங்கள் மாமாவை நினைத்துக்கொண்டே ஒரு வேலை செய்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. 163 என்று எண்ணியபோது அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. புத்தகம் இல்லையே என்று விட்டுவிட்டேன். உள்ளே சேப்பாக்கம் பொங்கல் டெஸ்ட் மலர்கள் ஏழு, அப்பாவின் கையெழுத்தில் ரேடியோ வர்ணனை கேட்டுக் குறித்த ஸ்கோர் நோட்டு இரண்டு. மலர்களில் பாதி மூர் மார்க்கெட் கடைகளில் அப்பா வாங்கியவை. 1985 தீ விபத்துக்குப் பிறகு அல்லிக்குளம் பக்கம் போன கடைகளில் மீதியை நான் தேடிப் பிடித்தேன். புதுச் சுவரில் முதல் தட்டு இவற்றுக்குத்தான். உங்களிடமிருந்து ஸ்கேன் விவரம் தெரிந்துகொள்ள வேண்டும், தனிமடல் அனுப்புகிறேன்.

சுயசரிதைகளையும் மறுபடி பார்த்தேன். கவாஸ்கர், அகாசி, சதுரங்க வீரர் ஆனந்தின் 'மைண்ட் மாஸ்டர்' உட்பட 11 தங்குகின்றன. மற்ற 30 விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

மதுரைச் செல்வி:

அந்த 30ஐயும் எனக்கு அனுப்புவீர்களா அண்ணா? நான் அரசுப் பள்ளி விளையாட்டு ஆசிரியை. அப்பா வாங்கித் தந்த மட்டை, முதல் சதம், காயம் என்று நீங்கள் அலுத்துக்கொண்டீர்களே, என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. போன வருடம் முட்டியில் அடிபட்டு ஓட்டத்தை விட்டுவிடப் போன ஒரு பெண்ணுக்கு மேரி கோமைக் கொடுத்தேன். ஆங்கிலத்தைத் தடவித் தடவி ஆறு வாரம் படித்தாள். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கிழக்கு கேலரி:

பள்ளி முகவரியைத் தனிமடலில் அனுப்பு அம்மா. சனிக்கிழமை பார்சல் போட்டுவிடுகிறேன். எந்தப் புத்தகத்தை எந்தப் பிள்ளை எடுத்துப் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வை. எனக்குப் பார்க்க வேண்டும்.