கஜா புயலில் தோப்பை இழந்த அப்பாவை மறுபடி தோப்புக்குள் அழைத்து வருவது எப்படி?

கேள்வி: பேராவூரணி மகன்

அனைவருக்கும் வணக்கம். பேராவூரணிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. என் தாத்தா வைத்த 140 மரங்களில், 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் அடித்த கஜா புயலுக்குப் பிறகு எஞ்சியவை 11 மட்டுமே. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன, சில நடுவில் முறிந்தன, இன்னும் சில கொண்டை திருகிப்போய், நின்ற நிலையிலேயே சில வாரங்களில் பட்டுப்போயின. மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக அரசின் நிவாரணம் வந்தது.

அப்பா அன்று உடைந்துபோகவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். மறு ஆண்டே 130 கன்றுகளை வாங்கி வந்து, 25 அடிக்கு ஒரு குழி வெட்டி நட்டார். போர் மோட்டார் பழுதாகிக் கிடந்த நாட்களில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். "பெற்ற பிள்ளை சோறு போடாவிட்டாலும் வைத்த பிள்ளை சோறு போடும்" என்று சொல்லி என்னைச் சீண்டுவார். நான்கு ஆண்டுகள் அப்படித்தான் போயின. 2023 ஆடியில், காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து முப்பதுக்கும் மேற்பட்ட கன்றுகள் செத்துப்போயின. புயலில் விழுந்த மரத்துண்டுகளில் ஒரு பகுதியை விற்க முடியாமல் தோப்பின் மூலையில் அடுக்கி வைத்திருந்தோம். அவை மக்கிப்போய் அங்கேதான் வண்டு பெருகியது என்று யாரோ சொல்ல, அன்றோடு அப்பா தோப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். 129 மரங்களை ஒரே புயலில் இழந்ததைத் தாங்கியவரால் இந்த முப்பதைத் தாங்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தேங்காய் என்ன விலை போகிறது என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

நான் திருப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் இருமுறை ஊருக்கு வந்து போகிறேன். இந்தப் புரட்டாசியில், அவர் வைத்த கன்று ஒன்றில் முதல் பாளை வெடித்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பார்க்க வரவில்லை. அவருக்கு வயது 68. இப்படியொரு நிலையிலிருந்து நீங்களோ உங்கள் வீட்டாரோ மீண்டிருந்தால், எது மீட்டது என்று எழுதுங்கள்.

மறுமொழி 1: ஒரத்தநாட்டு விவசாயி

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது உங்கள் அப்பாவின் இடத்தில் என்னைத்தான் பார்த்தேன். எனக்கு 200 மரம் போயிற்று. அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையைக் காட்டி அவரை மகிழவைக்க முயலாதீர்கள். நம்பி நட்டு இரண்டு முறை அடிபட்டவருக்கு, மூன்றாவது முறை நம்பச் சொல்வதுதான் பெரிய பயம். பாளையைப் பார்த்தால் குரும்பையை எண்ணத் தோன்றும், குரும்பையை எண்ணினால் காய் வெட்டும் நாளை நினைக்கத் தோன்றும், அதற்குள் என்னென்ன வரப்போகிறதோ என்ற கலக்கமும் கூடவே வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

புயலுக்குப் பிறகு ஓராண்டு நானும் தோப்பின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்த குழிகளைப் பார்க்கும்போது பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல இருக்கும். என்னைத் திருப்பியது தென்னை இல்லை, உளுந்து. இளங்கன்றுகளுக்கு இடையே வெயில் தாராளமாக விழுகிறதே என்று என் மனைவி தை மாதத்தில் உளுந்து தெளிக்கச் சொன்னார். எழுபது நாளில் கைக்கு வந்துவிடும் பயிர் அது. விதைத்த மூன்றாம் நாள் முளை தெரிந்தது. அதைப் பார்க்க மறுநாளும் போனேன், களை எடுக்க அதற்கடுத்த வாரமும் போனேன். கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவது உளுந்துக்குப் போன இடத்தில் சேர்ந்து நடந்த வேலையாக ஆனது. ஏழு ஆண்டு கழித்துப் பலன் தரும் ஒன்றுக்காகக் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க அப்போது எனக்குத் தெம்பில்லை. நாளை மறுநாள் என்ன ஆகும் என்று பார்க்க ஏதாவது ஒன்று இருந்தால் எழுந்திருக்க முடிந்தது. விளைந்தது ஒரு மூட்டைக்கும் குறைவு என்றாலும், அந்த ஆண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டு உளுந்தில்தான் வடை சுட்டார்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற வேளாண் உதவி அலுவலர்

தம்பிக்கு வணக்கம். மேலே விவசாயி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உங்கள் பதிவில் என் மனத்தை உறுத்தியது வேறு ஒரு வரி. மக்கிய மரத்துண்டுகளால்தான் வண்டு வந்தது என்று யாரோ அவரிடம் சொன்னார்கள் அல்லவா? புயல் ஒரு மனிதரின் குற்றமல்ல என்பதால் அதை அவரால் தாங்க முடிந்தது. வண்டைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதை முதலில் இறக்கி வையுங்கள்.

நான் அந்த மாதங்களில் பட்டுக்கோட்டைப் பகுதியில் பணியில் இருந்தவன். லட்சக்கணக்கான மரங்கள் ஒரே நேரத்தில் சாய்ந்து கிடந்தன. அறுக்க ஆள் இல்லை, இயந்திரம் கிடைக்கவில்லை, செங்கல் சூளைக்காரர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தாலும் ஏற்ற வண்டி இல்லை. தன் மரம் எல்லாவற்றையும் அகற்றிவிட்டேன் என்று சொல்லக்கூடிய விவசாயியை நான் பார்த்ததே அரிது. மேலும் காண்டாமிருக வண்டு மக்கிய தென்னைத் தண்டில் மட்டும் பெருகுவதில்லை. எருக்குழியிலும் முட்டையிடும், அடுத்த தோப்பிலிருந்து இரவில் பறந்தும் வரும். இதை நீங்கள் ஆறுதலாகச் சொன்னால் அவர் நம்பமாட்டார். கூட இருந்து வேலையாகச் செய்யுங்கள். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் ஆங்காங்கே வைத்தால், வாசனைக்கு வந்து விழும் வண்டுகளைப் பொறுக்கி அழிக்கலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு எனக் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டைகளின் இடுக்கில் இடலாம். உங்கள் எருக்குழியில் எத்தனை புழு இருக்கிறது, பக்கத்துத் தோப்பு எருக்குழியில் எத்தனை இருக்கிறது என்று அவரே கிளறிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. தென்னையில் ஒரு பாளை வெடித்து வெளியே தெரிவதற்கு ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பே, குருத்துக்குள் அது உருவாகத் தொடங்கிவிடுகிறது. இந்தப் புரட்டாசியில் வெடித்த பாளை 2023 தை மாத வாக்கில் உள்ளே கருக்கொண்டிருக்கும். அப்போது அவர் தினமும் தோப்புக்குப் போய்க்கொண்டுதானே இருந்தார்? கணக்கு அவருக்குப் புரியும். எப்போது சொல்வது என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன்.

அவர் சரியாகச் சாப்பிடாமலும் தூங்காமலும் இருந்தால், அல்லது வாழ்வதில் பயனில்லை என்பதுபோல ஏதேனும் பேசினால், தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில், டெலிமானஸ் எனும் அரசின் மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுமொழி 3: வேதாரண்யத்துப் பூக்காரம்மா

தம்பி, புயல் கரையைக் கடந்த ஊர்ப்பக்கம் எங்களுடையது. மாவும் முந்திரியும் போய், வீட்டு ஓடும் போன நிலையில், கொல்லையில் இருந்த முல்லைக் கொடிகள் மட்டும் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்தன. அவற்றையும் போனதாகவே நினைத்தோம். என் மாமியார்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு மற்றதை எல்லாம் நறுக்கி எறிந்தார். பங்குனியில் துளிர் அடர்ந்து மொட்டு வைத்தது.

முல்லையிடம் ஒரு குணம் உண்டு. மொட்டு விரிவதற்குள் பறித்துவிட வேண்டும், விரிந்த பூவை வியாபாரி எடுக்கமாட்டார். அதனால் உடம்புக்கு முடியவில்லை, மனசுக்கு முடியவில்லை என்று அதனிடம் தவணை கேட்க முடியாது. இருட்டோடு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இரு கையாலும் கிள்ளிக் கிள்ளி மடியில் போடுவோம். ஆரம்பத்தில் அழுதுகொண்டே பறித்திருக்கிறேன். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும், கண்ணீர் தன் பாட்டுக்கு வரும். எடை போட்டு அன்றன்றைக்குக் கிடைத்த காசில் அரிசி வாங்கியபோது, இன்றைய நாளை நான்தான் நடத்தினேன் என்று ஒரு நிமிர்வு வந்தது. எந்த ஆறுதல் வார்த்தையும் எனக்கு அதைத் தரவில்லை.

உங்கள் அப்பாவிடம் போய் இதைச் செய்யுங்கள் என்று சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மகனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பது தகப்பனுக்குப் பெரிய பலம். நீங்கள் திருப்பூரில் இருப்பதால் அம்மாவும் இதில் சேர்ந்துகொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பேராவூரணி மகன்

மூவருக்கும் என் நன்றி. சென்ற சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பாளையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆமணக்குப் புண்ணாக்கை வாங்கிவந்து வாசலில் வைத்து ஊறப்போட்டேன். தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "அவ்வளவு ஊற்றினால் வாசனை எப்படி வரும்?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் தோப்பு வேலை பற்றி அவராகப் பேசிய முதல் வாக்கியம் அது. பானைகளை நானும் அம்மாவும் கொண்டுபோய் வைத்தோம்.

ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தபோது திண்ணை காலியாக இருந்தது. தோப்புக்குப் போனேன். அப்பா உள்ளே வரவில்லை, மோட்டார் கொட்டகைக்கு அருகில் வைத்திருந்த முதல் பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தேங்காய்த் தொட்டியில் நான்கு வண்டுகள் கிடந்தன. "நான்கு" என்று மட்டும் சொன்னார். பாளை வெடித்த மரம் அங்கிருந்து மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. 32 மாதக் கணக்கை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அலுவலர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பானையில் உள்ள கரைசலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? அப்பாதான் கேட்கச் சொன்னார்.