டூ-ஸ்ட்ரோக் காலத்திலிருந்து இன்றுவரை: உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு ஓட்டம் எது?

பல்லாவரம் பெரிசு:
மூன்று வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். 1987. மாமாவிடம் யமஹா டிசைனில் வந்த ஆர்டி350 பைக் இருந்தது, பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். டேங்கில் ராஜ்தூத் என்று எழுதியிருக்கும், யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் வண்டியை நிறுத்தி, "முட்டியால டேங்க்கை இறுக்கிக்கோடா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டார்.

மூன்றாவது கியர். முள் ஐயாயிரத்தைத் தொடும்வரை சளி பிடித்த மாதிரி இருமிக்கொண்டே போனது. அதற்கு மேல் சத்தமே வேறு, தகரத்தை நீளவாக்கில் கிழிப்பது போல. ஹேண்டில் கையில் இருக்கிறது, ஆனால் முன்சக்கரம் தரையில் இருக்கிறதா என்று சந்தேகம். பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டேன். விட்டால் வேகம் குறையும் என்று நினைத்தேன். டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது என்பது அன்று எனக்குத் தெரியாது. எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி, ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டு பிரேக்கையும் மிதித்து, பிடித்து, ஒரு வழியாக நின்றபோது இடப்பக்கத்து மாட்டின் கொம்பு என் கண்ணெதிரே. பொங்கலுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் உரிந்து, அடியில் பழைய சிவப்புப் பெயிண்ட் தெரிந்தது. மாமாவிடம் மூச்சுவிடவில்லை.

போன மாதம் மகனுடைய கேடிஎம் 390 டியூக் பைக்கை எடுத்துக்கொண்டு அதே ரோட்டில் போனேன். ஒரே சிலிண்டர், ஆர்டியை விடப் பத்துப் பன்னிரண்டு குதிரைத்திறன் அதிகம். இருமலும் இல்லை, உதையும் இல்லை, குனிந்து பார்த்தால் 100. நாய் ஒன்று குறுக்கே வந்தது. முன்பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் வேலை செய்து லீவர் விரலுக்குள் படபடவென்று துடித்தது, வண்டி நேராக நின்றது. நான் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஷோகன் வீட்டுப் பையன்:
எங்கள் வீட்டில் சுசுகி ஷோகன். 108 சிசி, 14 குதிரைத்திறன். அப்பா தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். இப்போது அப்பா வைத்திருப்பது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். வாசலில் வந்து நின்று, "நான் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்கிறார். கல் இன்னும் சூடாகவில்லை.

ஆர்எக்ஸ் ராணிப்பேட்டை:
பெரியவர் எழுதிய அந்த "விட்டாலும் வேகம் குறையாது" என்பதைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எனக்கு நடந்தது அதற்கு நேர் எதிர். காலேஜ் படிக்கும்போது யமஹா ஆர்எக்ஸ்100, அதுவும் டூ-ஸ்ட்ரோக்தான். ஆயில் பம்ப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே எஞ்சினுக்கு வழுவழுப்புத் தரும் 2டி ஆயில் கலந்து ஓட்டுவதுதான் கெத்து என்று நண்பர்கள் சொன்னார்கள். நானும் செய்தேன். ஒரு நாள் அவசரத்தில், பங்க்கில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாலாஜா தாண்டி டாப் கியரில் போகும்போது எஞ்சின் சத்தம் ஒரு நொடி மெலிந்தது, பாட்டு முடியப்போகிற மாதிரி. ஆயில் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிட்டது. அடுத்து கீச்சென்று பின்சக்கரம் உறைந்து, வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. கை தானாக கிளட்ச்சைப் பிடித்ததால் இன்று டைப் அடிக்கிறேன். பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தது நின்ற பிறகுதான் காதில் விழுந்தது. இப்போதும் எந்த வண்டி ஓட்டினாலும் இடதுகையின் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே கிடக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறி பதினாறு வருஷம் ஆகிறது.

லேத் பட்டறை:
பெரிசு சாருக்கு ஒரு திருத்தம். ஆர்டியை விட 390-க்குப் பன்னிரண்டு அதிகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். நம் ஊரில் வந்தது இரண்டு விதம். ஹை டார்க் (இழுவை கூடியது) சுமார் 30 குதிரைத்திறன், லோ டார்க் அதைவிட மூன்று நான்கு கம்மி. உங்கள் மாமாவுடையது எது என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. ஜப்பானில் விற்ற ஆர்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது, இங்கே முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். மாட்டுக்கொம்பு வரைக்கும் போனதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்தது, "அரசாங்கம் டூ-ஸ்ட்ரோக்கைக் கொன்றுவிட்டது" என்று புலம்பப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும்போது புகை போகிற வழியும் திறந்தேதான் இருக்கிறது. கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியே ஓடிவிடும். கூடவே ஆயிலும் எரிகிறது. 2000-ல் வந்த புகை விதிகளுக்கு அப்புறம் இதைக் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை வைத்துக்கொண்டு சரிக்கட்ட முடியவில்லை, அவ்வளவுதான். உலக பைக் ரேஸிலும் அதே கதை: 2001-ல் இத்தாலிக்காரர் வாலண்டினோ ரோஸி ஜெயித்ததுதான் 500 சிசி டூ-ஸ்ட்ரோக்கின் கடைசி உலகப் பட்டம். மறுவருஷமே 990 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கை உள்ளே விட்டார்கள், கதை முடிந்தது.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒருவர் ஆசையாக வாங்கி வந்த ஆர்எக்ஸைப் பிரித்தேன், உள்ளே பிஸ்டன் கையால் ஆட்டினால் ஆடியது. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன், பழைய ஆர்எக்ஸ் தேடுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் அதைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவதுதான் ரீபோர். 0.25-ல் தொடங்கி ஒரு மில்லிமீட்டர் வரைதான் ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அதற்கு மேல் சிலிண்டரின் உள்குழாயான ஸ்லீவை மாற்ற வேண்டும். எத்தனையாவது ரீபோர் என்று கேளுங்கள், விற்பவர் தலையைச் சொறிந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆயில் பம்ப் இருக்கிறதா பாருங்கள். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆர்சி 15 வருஷம் தாண்டியிருக்கும், ரினியூ செய்த தாளைக் கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். எஞ்சின் நம்பரில் உளி பட்ட தடம் இருந்தால் டெஸ்ட் ரைடுகூட வேண்டாம். இன்னும் சைலன்சர், காயில் எல்லாம் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

ஆர்எக்ஸ் ராணிப்பேட்டை:
அண்ணே, இங்கே யாரும் வண்டி வாங்கப் போகவில்லை.

ஆர்15 அக்கா:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் என் முதல் நாள். என்னுடையது யமஹா ஆர்15, 150 சிசி. நேர்ரோட்டில் வயிற்றை டேங்க்கில் ஒட்டிக்கொண்டு போகிறேன், வலப்பக்கம் ஒரு ஆர்டி வீறிட்டுக்கொண்டு தாண்டியது. நல்ல வயசானவர், தோல் ஜாக்கெட்டின் முதுகுத் தையல் விட்டிருந்தது. என் ஹெல்மெட்டுக்குள் எரிந்த ஆயில் வாசனை. அவரை இனி பிடிக்க முடியாது என்று நினைத்தேன். முதல் வளைவிலேயே பிடித்துவிட்டேன். அவர் எப்போதோ பிரேக் பிடித்துவிட்டார், வண்டி நடுவில் முறுக்கிக்கொள்வது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது. என் வண்டிக்கு அந்த வளைவில் ஒரு கவலையும் இல்லை, முறுக்கிக்கொள்ளாத டெல்டாபாக்ஸ் ஃபிரேம். உள்பக்கமாகத் தாண்டினேன். நேர்ரோட்டில் மறுபடி அவர். இப்படி ஆறு சுற்று. ஏழாவது சுற்றில் அவரைக் காணவில்லை. உள்ளே வந்து பார்த்தால், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். "நீ எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறாய்மா?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவு உள்ளேயா" என்றார், அப்புறம் பேசவே இல்லை. நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பல்லாவரம் பெரிசு:
லேத் பட்டறை தம்பிக்கு: மாமாவுடையது ஹை டார்க்தான், நேற்று போன் போட்டுக் கேட்டேன். அவருக்கு வயசு 81. பேச்சோடு பேச்சாக அந்த மாட்டுவண்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "அன்னைக்கே தெரியும்டா. நீ வண்டியை நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கப் போனப்போ முன்சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டுது" என்றார்.