எட்டரைக்கு மேல டில்லி: தூர்தர்ஷன் அனுபவங்கள்

அம்பத்தூர்வாசி:
எங்க லைன்ல ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. ஷட்டர் போட்டுப் பூட்டுற சாலிடேர். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ முடிஞ்சா பாதிக் கூட்டம் கலைஞ்சிடும். எட்டரைக்கு மேல டில்லி அஞ்சல், அதாவது டில்லி நிகழ்ச்சியை இங்கே மறு ஒளிபரப்புறது. 1982 ஆகஸ்ட் 15-ல தேசிய ஒளிபரப்பு தொடங்கினதிலிருந்து நாடு முழுக்க ஒரே நேரத்துல ஒரே நிகழ்ச்சி, பெரும்பாலும் இந்தி. ஒரே நாடுங்கிற உணர்வை ஊட்டத்தான் அந்த ஏற்பாடு. எங்க தெருவுல அது சோறு போடுற நேரத்துக்கான மணி, அவ்வளவுதான்.

எனக்கு இந்தியாவைக் காட்டினது ஞாயிறு மதியப் படம். காது கேளாதோர் செய்தி முடிஞ்சதும் வரும். அசாமி, வங்காளின்னு ஆங்கில அகரவரிசைப்படி மொழி மாறும். தமிழுக்கு முறை வர்றதுக்குள்ள பொறுமை போயிடும். வேற போக்கிடம் இல்லாம எல்லாத்தையும் பார்த்தோம். ஒரு வங்காளப் படத்துல ஒரு அம்மா தரையில உட்கார்ந்து, மணையைக் காலால அழுத்திக்கிட்டு மீன் அரிஞ்சாங்க. கத்தி இல்லை, அச்சு அசல் நம்ம அரிவாள்மணை. எங்க ஆயா எழுந்து டிவி பக்கத்துலயே போயிட்டாங்க. “இவங்களும் இதுலதான் அரியறாங்களாடா?” ஒருத்தரும் மொழி பத்திக் கேட்கல. டில்லிச் செய்தி பத்து வருஷம் ஓடியும் இது நடக்கலையே!

மதுரை மாமா:
ராமாயணத்தை விட்டுட்டீங்களே தம்பி. 1987 ஜனவரியில ஆரம்பிச்சது. இந்தி எதிர்ப்புல அடி வாங்கின எங்க சித்தப்பாவே ஞாயித்துக்கிழமை காலையில முதல் ஆளா உட்காருவார். கதை தெரியும், அப்புறம் வசனம் எதுக்குன்னு கேட்பார்.

முத்துநகர்:
எங்க தூத்துக்குடிக் கதை வேற. எங்களுக்கு முதல்ல தெரிஞ்சது இலங்கை டிவி ரூபவாஹினிதான், 1982-லயே. மொட்டை மாடியில நெட்டுக் கம்பம், பூஸ்டர், மேலே ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம், நிறுத்து”ன்னு சத்தம். இந்தியாவோட அரசு டிவிக்கு முன்னாடியே இலங்கையோட அரசு டிவி வீட்டுக்குள்ள வந்துட்டுது. 83 ஜூலையில இலங்கையில தமிழர்களுக்கு எதிரா நடந்த கலவரத்துக்கப்புறம் அகதிகள் மண்டபம் வந்து இறங்கினாங்க. அவங்க சொன்னதுக்கும் திரையில சொன்னதுக்கும் ஒட்டவே இல்லை. பெரியவங்க பிபிசி தமிழோசையைத்தான் நம்பினாங்க. கொடைக்கானல்ல தூர்தர்ஷன் டவர் வந்தபிறகு ஆன்டெனா மலைப்பக்கம் திரும்பிச்சு, கிரிக்கெட் இருந்தா மட்டும் மறுபடி இலங்கைப் பக்கம். ராமேஸ்வரம்காரங்க யாராவது இருக்கீங்களா? உங்களுக்கு டிடி எப்ப தெளிவா வந்துச்சு?